மின்ட்டில் பேஜ்மேக்கர் 7: தமிழ் எழுத்து பாதி பெட்டி பெட்டியா வருது

குடியாத்தம் டிடிபி: லினக்ஸ் மின்ட், 4 ஜிபி ரேம். விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டுற வைனில், பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7 ஏறிடுச்சு. பழைய தீப்பெட்டி லேபிள், பத்திரிகை ஃபைல் எல்லாம் திறக்குது. தமிழ் ஃபான்ட் போட்டாச்சு. த, ம, ர சரியா வருது, உகர ஊகார எழுத்துல சிலது மட்டும் பெட்டியா நிக்குது. அதே ஃபான்ட் விண்டோஸ்ல சரி. சிஸ்டம் மொழி தமிழ்.

காட்பாடி லினக்ஸ்: கடைசி வரியில நீங்களே விடை சொல்லிட்டீங்க அண்ணா. ஃபான்ட் மேல தப்பில்ல. இது யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தர்ற முறை) முந்தின ஃபான்ட். ஆங்கில எழுத்தோட எண்ணுல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வெச்சிருப்பாங்க. பாமினி ஃபான்ட்ல ஜே அடிச்சா த, கே அடிச்சா ம, அந்தக் கணக்கு. 128-க்குக் கீழே உள்ளது எங்கேயும் வரும். அதுக்கு மேல உள்ளதுக்கு 1252 கோட்பேஜ், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு சொல்ற அட்டவணை, வேணும். விண்டோஸ்ல தமிழுக்குன்னு தனி கோட்பேஜே கிடையாது, அதனால தமிழ் லோக்கேல்ல (சிஸ்டம் மொழி செட்டிங்) வைன் கிளம்பினா மேல்பாதி உடையும்.

மொழி செட்டிங்ல அமெரிக்க ஆங்கிலம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா சேருங்க. டெர்மினல்ல 'வைன்சர்வர் -கே' கொடுத்து வைனை முழுசா மூடுங்க. இதை விட்டுட்டா பழைய கோட்பேஜே ஓடிட்டிருக்கும். அப்புறம் பேஜ்மேக்கர் ஷார்ட்கட்டோட கமாண்ட்ல வைனுக்கு முன்னாடி 'என்வ் எல்சி_ஆல்=இஎன்_யுஎஸ்.யுடிஎஃப்-8' சேருங்க. டெஸ்க்டாப் தமிழ்லயே இருக்கட்டும், இது ஒண்ணு மட்டும் ஆங்கிலத்துல கிளம்பும். கீபோர்டும் யுஎஸ் லேஅவுட்ல இருக்கணும், தமிழ்99 லேஅவுட் வெச்சா இந்த ஃபான்ட்ல குப்பைதான் விழும்.

குடியாத்தம் டிடிபி: வந்துடுச்சு தம்பி! ஆனா 'கல்யாணப் பத்திரிகை'ன்னு தமிழ்ல பேர் வெச்ச ஃபைல் மட்டும் திறக்கல.

காட்பாடி லினக்ஸ்: திறக்காதுங்க. யூனிகோடு தெரியாத புரோகிராம், 1252-ல தமிழ்ப் பேருக்கு இடமில்ல. ஃபைல், ஃபோல்டர் ரெண்டுக்கும் ஆங்கிலப் பேர் மாத்துங்க. பிரிண்டரை மின்ட்ல சேர்த்தா போதும், வைன் தானா எடுத்துக்கும். பிடிஎஃப்புக்கு 'கப்ஸ்-பிடிஎஃப்' போடுங்க, அதுவும் ஒரு பிரிண்டராவே தெரியும். ஹோம்ல 'பிடிஎஃப்' ஃபோல்டர்ல விழும். அச்சு பிளேட்டுக்கு அனுப்பும் முன்னாடி ஃபான்ட் உள்ளே பதிஞ்சிருக்கான்னு பார்த்துடுங்க.

ஆரணி பிரஸ்: எங்க தமிழ் கீபோர்டு மென்பொருளுக்கு யுஎஸ்பி டாங்கிள் (லைசன்ஸுக்காகச் செருகுற சாவி) உண்டு சார். அதுவும் வைன்ல ஓடுமா?

காட்பாடி லினக்ஸ்: அதுல நேரம் போக்காதீங்க சார். டாங்கிள் டிரைவர் விண்டோஸோட மையப்பகுதியான கெர்னலுக்குள்ள உட்கார்றது, வைன்ல கெர்னலே இல்ல. லினக்ஸுக்குள்ள முழு விண்டோஸையே ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ்தான் வழி. பயாஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆன் பண்ணுங்க, 32 பிட் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி ரேம் கொடுங்க. உங்க யூசரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' குரூப்ல சேர்த்து லாக்அவுட் பண்ணிட்டு வாங்க. டாங்கிள் லிஸ்ட்லயே தெரியலன்னா பெரும்பாலும் இதுதான் காரணம். யுஎஸ்பி ஃபில்டர்ல டாங்கிளைச் சேர்த்துட்டு, நெட்வொர்க் அடாப்டரை எடுத்துடுங்க. ஏன்னா 2020 ஜனவரியோட அந்த விண்டோஸுக்கு ஆதரவு நின்னுபோச்சு, நெட்ல விடறது பாதுகாப்பில்ல.