பொருள்: ‘நோரிட்டர்ன்’ என்பதற்குத் ‘திரும்பாச் செயற்கூறு’

வணக்கம். சி மொழியில் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) தன்னை அழைத்த இடத்துக்குத் திரும்பி வராது என்று கம்பைலருக்கு அறிவிக்கும் குறிதான் ‘நோரிட்டர்ன்’. அதற்குத் ‘திரும்பாச் செயற்கூறு’ என்பதற்கு மாற்றாக நீங்கள் சொன்னவற்றுக்கு என் பதில்கள் கீழே.

> ‘முடிவிலாச் செயற்கூறு’ என்று வைத்தால் மாணவர்களுக்கு உடனே புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். முடிவில்லாமல் சுற்றுவது இதில் ஒரு வகைதான். எக்ஸிட், அபார்ட் என்ற செயற்கூறுகள் இரண்டும் நிரலையே முடித்துவிடுகின்றன. லாங்ஜம்ப் வேறோர் இடத்துக்குத் தாவிவிடுகிறது. எதுவானாலும் அழைத்த இடத்துக்குத் திரும்பாது. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கு வேண்டிய உறுதியும் அவ்வளவுதான். அது கிடைத்ததும் அழைப்புக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் கழித்துவிடும், ரிட்டர்ன் கட்டளை உட்பட.

அந்த உறுதி பொய்த்தால்? கப்பலூரில் நாங்கள் செய்யும் எடைத் தராசு ஒன்று மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் திடீர் திடீரென்று தானாகப் பூச்சியத்துக்கு வந்தது. மல்லிகை விற்கிற விலையில் வியாபாரி சும்மா விடுவாரா? பிழை தேடும் கருவியான டிபக்கரில் பார்த்தால், பூச்சியமாக்கும் செயற்கூற்றை அந்தப் பாதையில் யாருமே அழைக்கவில்லை. கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளை அசெம்பிளியாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பிழை வந்தால் அங்கேயே நிற்க வேண்டிய செயற்கூறு, சோதனைக்காகப் போட்ட ஒரு கிளை வழியாகத் திரும்பியிருக்கிறது. திரும்பிய இடத்தில் அழைத்தவரின் கட்டளை எதுவும் மிச்சமில்லை. நினைவகத்தில் அடுத்து இருந்த செயற்கூற்றுக்குள் போய் விழுந்துவிட்டது. ஜிசிசி கம்பைலர் இதற்கு எச்சரிக்கும்தான். ஆனால் அறிவிப்புகளை வைக்கும் ஹெடர் கோப்பில் மட்டும் நோரிட்டர்ன் என்று அறிவித்துவிட்டு, செயற்கூற்றை எழுதிய கோப்பில் அந்த ஹெடரைச் சேர்க்காமல் விட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

> ‘மீளாச் செயற்கூறு’?

‘மீளாத் துயில்’ போஸ்டர்தான் கண்ணில் நிற்கிறது. மதுரைச் சுவர்களில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

> ‘திருப்பாச் செயற்கூறு’?

இதில்தான் சிக்கல். திருப்புதல் பிறவினை. மதிப்பைத் திருப்பாதது வாய்ட் செயற்கூறு. வேலை முடிந்ததும் அது ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். தானே திரும்பாததுதான் நாம் பேசுவது. ஆகவே தன்வினையில் ‘திரும்பாச் செயற்கூறு’. ஒற்று மிக வேண்டும், ‘ச்’சை விட்டுவிடாதீர்கள்.

ஓர் எழுத்து வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பீர்கள். சரி, வாய்ட் வகையை ‘மதிப்பிலாச் செயற்கூறு’ என்று மாற்றிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. ரஸ்ட் மொழியில் ஆச்சரியக்குறியாகவும் ஸ்விஃப்ட் மொழியில் நெவர் என்றும் வருவது இன்னொரு சங்கதி: அது மதிப்பே இருக்க முடியாத தரவு வகை. அதற்கு இந்தச் சொல்லை இழுக்க வேண்டாம், தனி இழையில் பேசுவோம்.