புதுப்பிப்பு: அறுவை சிகிச்சைக்குப் பின் மாமனாரின் மனக்குழப்பம்

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளிலிருந்து, பாம்பனைச் சேர்ந்த என் மாமனார் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறார் என்று முன்பு எழுதியிருந்தேன். அக்கறையோடு விசாரித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது மறதி நோய் அல்ல, டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் என்று மருத்துவர் விளக்கினார். மறதி நோய் பெரும்பாலும் மெல்ல மெல்ல வளரும். இதுவோ சில மணி நேரத்திலேயே தொடங்கி, பகலில் தணிந்து, இரவில் முற்றும். அந்த இரவுகளில் அவர் வலை பின்னுவதுபோலப் படுக்கை விரிப்பை விரல்களால் இழுத்து இழுத்து, "வள்ளம் கரைக்கு வந்துருச்சாம்மா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், தணியாத வலி, சில தூக்க மாத்திரைகள் என எதுவும் இதைத் தூண்டலாம் என்பதால், காரணத்தைத் தேடுவதுதான் முதல் வேலை. அவருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. அதற்கு மருந்து கொடுத்ததோடு, கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிட்டு, பகலில் எழுப்பி உட்காரவைத்து, தெரிந்த முகம் ஒன்று எப்போதும் அருகில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். இப்போது பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். கணக்கு மட்டும் இன்னும் தடுமாறுகிறது. சிலருக்கு முழுத் தெளிவு வர மாதங்கள் ஆகும்.

கூச்சல் போடாமல், கேட்டதற்குப் பதிலும் சொல்லாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் முதியவருக்கும் இதே குழப்பம் இருக்கக்கூடும். அசதி என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.