வெர்னியர் அளவியில் சுழிப்பிழை இல்லை, ஆனாலும் அளவு குறைகிறது

அனைவருக்கும் வணக்கம். தென்காசிக்கு அருகே ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். சைக்கிள் கடையில் வாங்கிய முக்கால் அங்குல எஃகுக் குண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் (பொருளை இரு தாடைகளுக்கு இடையே பிடித்து அளக்கும் கருவி) அளந்து, அதன் அடர்த்தியை மாணவர்கள் கணக்கிட்டபோது, கிடைக்க வேண்டிய 7.8 கிராம்/செ.மீ³ க்குப் பதிலாக 8.4 வந்தது; இரண்டு வாரங்களாக இதே நிலைதான்.

அளவியின் மீச்சிற்றளவு (அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.1 மி.மீ.; பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருக்கும் கருவி. தாடைகளை மூடினால் முதன்மைக் கோல், வெர்னியர் கோல் இரண்டின் சுழிகளும் சரியாக நேர்படுகின்றன, அதாவது சுழிப்பிழை இல்லை. ஆனால் குண்டைத் தாடைகளின் நுனியில் பிடித்தால் 18.6 மி.மீ., முதன்மைக் கோலை ஒட்டிப் பிடித்தால் 18.9 மி.மீ. என்று காட்டுகிறது. திருகு அளவியில் அதே குண்டு 19.05 மி.மீ.; மின்னணுத் தராசில் நிறை 28.2 கிராம். கன அளவைக் கணக்கிட விட்டம் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) உயர்த்தப்படுவதால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இப்பிழை அடர்த்தியை இவ்வளவு மாற்றிவிடுகிறது.

தாடைகளை மண்ணெண்ணெயால் துடைத்தேன், மெதுவாக அழுத்தியும் பார்த்தேன், வேறு மூன்று மாணவர்களை அளக்கச் சொன்னேன், பலனில்லை. நகரும் தாடையை விரலால் அசைத்தால் லேசாக ஆடுவதை உணர முடிகிறது. அழுத்தும்போது அது சாய்ந்து, நுனி அகன்றுவிடுகிறது, அதனால்தான் அளவு குறைகிறது என்று கருதுகிறேன். பாடநூல் மதிப்பே தவறு என்று மாணவர்கள் எண்ணத் தொடங்கியிருப்பதுதான் எனக்குப் பெரும் கவலை.

நகரும் தாடையின் மேலுள்ள சிறு திருகுகளை இறுக்கி இந்த ஆட்டத்தைப் பள்ளியிலேயே சரிசெய்ய முடியுமா?