அமெரிக்கா 1941 வரை ஒதுங்கியே இருந்ததா? விவாதத்துக்கு உதவி வேணும்

கல்லடி மாணவி:
வணக்கம். உயர்தர அரசறிவியல் பிள்ளைகளுக்கான விவாதத்தில் "அமெரிக்கா பிற நாட்டுப் போர்களில் இறங்காமல் ஒதுங்கியிருக்க வேண்டும்" என்று எங்கட அணி ஆதரித்துப் பேச வேணும். 1776 முதல் 1941 வரை ஒதுங்கல், அந்த வருடம் யப்பான் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேள் ஹாபரை அடித்த பிறகு தலையீடு என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறம். இது நிற்குமா? மற்றது, போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு (அவங்கட பாராளுமன்றம்) என்று யாப்பில் இருக்க, சனாதிபதி எப்படித் தன்பாட்டில் படை அனுப்புறார்? 60 நாள் கணக்கு ஒன்று இருக்காமே, அதையும் விளங்கப்படுத்தினால் நல்லம்.

வாவிக்கரை:
அந்தப் பிரிப்பை இன்றைக்கே மாத்துங்கோ தங்கச்சி. அவங்கள் ஒதுங்கினது ஐரோப்பியக் கூட்டணிகளில் இருந்து. துவக்கைக் கீழே வைக்கவேயில்லை. 1898இல் ஸ்பெயினோடு சண்டை பிடித்து பிலிப்பைன்ஸ், புவேர்ட்டோ ரிக்கோ, குவாம் மூன்றையும் எடுத்தாங்கள். ஹெயிட்டியில் 1915 முதல் 1934 வரை அமெரிக்க மரைன் படை குந்தியிருந்தது. எதிரணியில் ஒரு பிள்ளை எழும்பி "ஹெயிட்டி" என்று சொன்னாலே உங்கட முதல் பேச்சாளரின் வாதம் போச்சு.

ஒதுங்கல் காலம் என்று துணிந்து காட்டக்கூடியது 1919க்குப் பிறகுதான். முதலாம் உலகப் போரை முடித்து, சர்வதேச சங்கத்தையும் உருவாக்கின வேர்சாய் ஒப்பந்தத்துக்கு 1920 மார்ச்சில் செனற் சபையில் 49 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டுக்கு 7 வாக்குக் குறைந்ததால் அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் சேரவேயில்லை. பிறகு வந்தது நடுநிலைச் சட்டங்கள். 1935இல் போரிடும் இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கத் தடை, 1936இல் கடன் கொடுக்கத் தடை.

இந்த நடுநிலைச் சட்டம் எங்கே பிழைத்தது என்று நல்லா விளங்கிக்கொள்ளுங்கோ, எதிரணி அதைத்தான் பிடிக்கும். அடித்தவனையும் அடி வாங்கினவனையும் அது ஒரே தராசில் வைத்தது. 1935இல் இத்தாலி எதியோப்பியாவுக்குள் புகுந்தபோது ஆயுதத் தடை இரண்டு பக்கத்துக்கும் விழுந்தது. எண்ணெய் அந்தத் தடைக்குள் வரவில்லை. இத்தாலியின் லொறிகளுக்கும் விமானங்களுக்கும் வேண்டியது எண்ணெய், எதியோப்பியாவுக்கு வேண்டியது துவக்கு. நடுநிலை என்று பேர், பலன் முழுக்கப் படையெடுத்தவனுக்கு.

1939 நவம்பரில் காசைக் கொடுத்துச் சொந்தக் கப்பலில் ஏற்றிப் போகிறவனுக்கு ஆயுதம் என்று தளர்த்தினாங்கள். கடல் பிரித்தானியாவின் கையில் இருந்ததால் அது யாருக்கு உதவும் என்பது எல்லாருக்கும் தெரியும். 1940 செப்டம்பரில் பிரித்தானியாவுக்கு 50 நாசகாரிக் கப்பல்களைக் கொடுத்துத் தளங்களை 99 வருடக் குத்தகைக்கு வாங்கினாங்கள். அப்படியிருந்தும், 1941 ஓகஸ்டில் கட்டாய இராணுவ சேவையை நீடிக்கும் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே ஒரு வாக்கால்தான் தப்பியது. இந்த இலக்கம் உங்களுக்குப் பெரிய ஆயுதம், விடாதீங்கோ.

பிரித்தானியாவின் ஹேர்மிஸ் கப்பல் பற்றியும் கேட்பாங்கள், மட்டக்களப்பில் பேசினால் அது வராமல் போகாது. பேள் ஹாபரை அடித்த யப்பானிய தளபதி நகுமோவின் அதே கப்பலணிதான் நாலு மாதம் கழித்து, 1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையில் குண்டு போட்டுவிட்டு எங்கட கரைக்கு நேரே ஹேர்மிஸை மூழ்கடித்தது. பேர் விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் அன்றைக்கு அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் கடலோடு போனாங்கள். "அமெரிக்கா ஒதுங்கிக் கிடந்ததால்தான் யப்பான் இந்தக் கடல் வரை வந்தது" என்று எதிரணி கேட்டால், ஆசியாவில் அமெரிக்கா ஒதுங்கவேயில்லை, 1941 யூலையில் யப்பானின் சொத்தை முடக்கி, ஓகஸ்டில் எண்ணெயை நிறுத்தியது என்று சொல்லுங்கோ. இந்தப் பதிலில் ஒரு ஓட்டை உண்டு: யப்பான் தென் இந்தோசீனாவுக்குள் இறங்கின பிறகுதான் அந்தத் தடை வந்தது. அதுக்கும் ஆயத்தமாக இருக்க வேணும்.

சம்மாந்துறை வயல்:
60 நாள் விசயத்துக்கு நான் வாறன். காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942 யூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மூன்று நாட்டின் மேலும். கொரியா, வியட்நாம், ஈராக் எதுக்கும் போர் அறிவிப்பு இல்லை. வியட்நாமில் கை சுட்ட பிறகு, 1973 நவம்பரில், சனாதிபதி நிக்சனின் தடையாணையையும் மீறிப் போர் அதிகாரத் தீர்மானத்தை நிறைவேற்றினாங்கள். படையைச் சண்டைக்குள் இறக்கினால் சனாதிபதி 48 மணித்தியாலத்துக்குள் காங்கிரசுக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேணும். அதில் இருந்து 60 நாளுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் படையை எடுக்க வேணும், பத்திரமாக வெளியேற்ற இன்னும் 30 நாள்.

எழுத்தில் இறுக்கம்தான், நடைமுறையில் கழன்றுபோகுது. 60 நாள் மணிக்கூடு ஓடத் தொடங்குவது அந்தச் சட்டத்தின் குறிப்பிட்ட ஒரு உட்பிரிவின் கீழ் அறிக்கை கொடுத்தால். சனாதிபதிமார் "தீர்மானத்தின் கீழ்" என்று எழுதாமல் "தீர்மானத்துக்கு இசைவாக" என்று எழுதி நழுவிவிடுவாங்கள். அந்த உட்பிரிவைச் சுட்டி எழுதினது 1975இல் கம்போடியா பிடித்த அமெரிக்கக் கப்பலான மயாகுவெஸ் விசயத்தில் சனாதிபதி போர்ட் மட்டும், அதுவும் சண்டை முடிஞ்ச பிறகு. 1999இல் கொசோவோ விசயத்தில் யூகோஸ்லாவியா மேல் 78 நாள் குண்டு போட்டாங்கள், அதை ஆதரிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 213க்கு 213 என்று சமனாகித் தோற்றது, குண்டு நிற்கவில்லை. 2011இல் லிபியாவில் 60 நாள் தாண்டினபோது, இது அந்தச் சட்டம் சொல்லும் "சண்டை"யே இல்லை என்று ஒபாமா நிர்வாகம் வாதாடியது.

உண்மையில் கடிக்கிற பல்லு பணம்தான். கம்போடியா மேல் நடந்த குண்டுவீச்சு 1973 ஓகஸ்ட் 15 அன்று நின்றது காங்கிரஸ் காசை வெட்டினதால். இதை இரண்டாம் பேச்சாளருக்குக் கொடுங்கோ.

கல்லடி மாணவி:
மிச்சம் நன்றி. எதிரணி 1994 ருவாண்டா இனப்படுகொலையைக் கொண்டுவந்தால் என்ன செய்யிறது?

பாண்டிருப்பு:
ருவாண்டாவை மறுக்கப் பார்க்காதீங்கோ, பொய்யாகிப்போகும். 1993 ஒக்டோபரில் சோமாலியாவின் மொகடிசுவில் 18 அமெரிக்கப் படையினர் செத்த பயத்தில், அடுத்த ஏப்ரலில் ருவாண்டாவில் கொலை நடக்கும்போதே பாதுகாப்புச் சபை ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்க வாக்களித்தது, அமெரிக்காவும் சேர்ந்து. அது வெட்கக்கேடான முடிவு, அப்படியே ஒத்துக்கொள்ளுங்கோ. பிறகு உங்கட நிலைப்பாட்டைச் சுருக்குங்கோ: "காங்கிரசின் அனுமதியும் தெளிவான இலக்கும் இல்லாத போரில் இறங்கக்கூடாது." 1984இல் பாதுகாப்புச் செயலாளர் வைன்பேர்கர் வைத்த ஆறு நிபந்தனைகள் இதுக்குக் கைகொடுக்கும், கடைசி வழியாக மட்டும் படை என்பது அதில் ஒன்று. அதுக்கு முந்தின வருடம் லெபனானின் பெய்ரூட்டில் ஒரே குண்டுவெடிப்பில் 241 அமெரிக்கப் படையினர் செத்த பிறகு வந்தது அது.

இன்னொன்று, எங்கட ஆக்கள் அடிக்கடி குழப்புற இடம். இலங்கை பற்றி 2012 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் சபையில் 24க்கு 15 என்று நிறைவேறின தீர்மானத்தை அமெரிக்கா கொண்டுவந்தது. அது இராணுவத் தலையீடு கிடையாது, விவாதத்தில் அப்படிச் சேர்த்துப் பேசாதீங்கோ. அதே மனித உரிமைகள் சபையை விட்டு 2018 யூனில் அமெரிக்கா வெளியேறியது. அதுவும் ஒதுங்கல்தான், ஒரு சிப்பாயும் அசையாத ஒதுங்கல். இந்த உதாரணம் உங்கட தலைப்புக்கு எதிராகவே திரும்பும், தெரிந்துவைத்திருங்கோ.

வாவிக்கரை:
ஒன்று விட்டுப்போச்சு. "சிக்கவைக்கும் கூட்டணிகள்" என்ற சொல்லை வொஷிங்டனின் தலையில் கட்டாதீங்கோ. 1796 பிரியாவிடை உரையில் அவர் எச்சரித்தது "நிரந்தரக் கூட்டணி" பற்றி. மற்றச் சொல் 1801 பதவியேற்பில் ஜெபர்சன் சொன்னது. நடுவர்மார் இதில் புள்ளி வெட்டுவாங்கள்.