2021 ரீகா: கோல் வித்தியாசம் +4 இருந்தும் கசகஸ்தான் வெளியே, +1 வைத்திருந்த கனடா உள்ளே. கணக்கு எப்படி?

நீலக்கோடு கேட்டது:

2021-ல் ரீகாவில் நடந்த ஆண்கள் ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப்பின் பி பிரிவுப் பட்டியலில் ஒரு சந்தேகம். எட்டு அணிகளும் ஏழேழு ஆட்டம் முடித்தபின் புள்ளிகள் இப்படி நிற்கின்றன:

அமெரிக்கா 18, பின்லாந்து 17, ஜெர்மனி 12, கனடா 10, கசகஸ்தான் 10, லாட்வியா 9, நார்வே 8, இத்தாலி 0.

முதல் நான்கு அணிகளுக்குக் கால் இறுதி. நான்காம் இடத்துக்குக் கனடாவும் கசகஸ்தானும் சமம். கனடா அடித்தது 19, வாங்கியது 18. கசகஸ்தான் அடித்தது 22, வாங்கியது 18. வித்தியாசத்திலும் அடித்த கோலிலும் கசகஸ்தான்தான் மேலே. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்ப்பதுபோல இங்கே பார்த்திருந்தால் கசகஸ்தான் போயிருக்க வேண்டும். போனது கனடா. போனதோடு நிற்காமல் தங்கமும் வென்றது.

முதல் கேள்வி, ஏன் அப்படி? இரண்டாவது, பிரிவின் கடைசி ஆட்டமான ஜெர்மனி-லாட்வியா ஓவர்டைமுக்குப் போயிருந்தால், யார் ஜெயித்தாலும் கனடா வெளியே என்று எல்லோரும் சொல்கிறார்கள். கனடா ஆடாத ஆட்டம் அது. அதில் யார் வென்றார் என்பதைவிட எத்தனை நிமிடத்தில் வென்றார் என்பது ஏன் முக்கியமாகிறது? எண்களோடு படிப்படியாக யாராவது போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாம் பீரியட் பதில்:

முதல் கேள்விக்கு விடை சின்னது. சமமாக நிற்பது இரண்டே அணிகள் என்றால், அந்த இரண்டும் தமக்குள் மோதிய ஆட்டத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். கனடா கசகஸ்தானை 4-2 என்று வென்றிருந்தது. அதோடு முடிந்தது. மொத்த கோல் வித்தியாசத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஐஸ் ஹாக்கியில் இப்போது டிரா கிடையாது என்பதால் அந்த ஆட்டத்தில் ஒருவர் ஜெயித்தே இருப்பார், ஆகவே இரண்டு அணிச் சமநிலை எப்போதும் இந்த முதல் படியிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் கேள்விக்குப் போகும் முன் புள்ளி முறையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 60 நிமிடத்துக்குள் வென்றால் 3, தோற்றால் 0. 60 நிமிடம் சமமாக முடிந்தால் இரண்டு அணிக்கும் ஆளுக்கு 1 அப்போதே கைக்கு வந்துவிடும். பிறகு ஓவர்டைமிலோ ஷூட் அவுட்டிலோ (ஆளுக்கு ஒருவராக வலைக்காவலரைத் தனியே எதிர்த்து அடிப்பது) வெல்பவருக்கு இன்னும் 1. எப்படி முடிந்தாலும் ஓர் ஆட்டம் கொடுப்பது 3 புள்ளி. எட்டு அணிப் பிரிவில் 28 ஆட்டம், ஆக மொத்தம் 84. நீங்கள் கொடுத்த பட்டியலைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 84 வரும். பட்டியலை நீங்களே தயாரிக்கும்போது 84 வரவில்லை என்றால், ஏதோ ஓர் ஆட்டத்துக்கு 3-க்குக் கூடவோ குறையவோ பதிந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், ஓவர்டைமில் வென்றவருக்கு 3, தோற்றவருக்கு 1 என்று போடுவதுபோல. பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கும்.

கோல் வித்தியாசத்தை ஏன் பின்னால் தள்ளியிருக்கிறார்கள் என்பதும் இதே பட்டியலில் தெரிகிறது. கசகஸ்தான் இத்தாலியை 11-3 என்று அடித்தது. அந்த ஓர் ஆட்டத்தை எடுத்துவிட்டால் மீதி ஆறில் 11-15, அதாவது −4. கனடா இத்தாலியை 7-1 என்று அடித்தது, அதை எடுத்தால் 12-17, −5. இத்தாலி ஏழிலும் தோற்ற அணி. கடைசி அணியின் வலையை எவ்வளவு நிரப்பினாய் என்பதை வைத்து நான்காம் இடத்தை முடிவு செய்வதைவிட, போட்டியில் இருக்கும் இருவரும் நேருக்கு நேர் நின்றபோது யார் வென்றார் என்று கேட்பது நியாயம் என்பதே என் எண்ணம்.

வலைக்காவல் பதில்:

இரண்டாம் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்று அணிகள் சமமாகும்போது என்ன செய்வது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். வரிசை இதுதான்:

சமமான அணிகளை மட்டும் வைத்து ஒரு குட்டிப் பட்டியல் போட வேண்டும். மற்ற அணிகளோடு ஆடியதை மறந்துவிட வேண்டும். முதலில் அந்தக் குட்டிப் பட்டியலின் புள்ளி. அதுவும் சமமென்றால் அதே ஆட்டங்களின் கோல் வித்தியாசம். அதுவும் சமமென்றால் அதே ஆட்டங்களில் அடித்த கோல். அப்படியும் பிரியாவிட்டால், இந்தக் கூட்டத்துக்கு வெளியே பட்டியலில் மிக அருகில் மேலே இருக்கும் அணியோடு ஒவ்வொருவரும் எப்படி ஆடினார்கள் என்று பார்ப்பார்கள், பிறகு அதற்கு அடுத்த அணி. எல்லாம் தீர்ந்தால் உலகத் தரவரிசை. இடையில் எந்தப் படியிலாவது ஓர் அணி பிரிந்து இரண்டு மட்டும் மிஞ்சினால், மேற்கொண்டு படி இறங்காமல் அந்த இருவரின் நேரடி ஆட்டத்துக்குப் போய்விட வேண்டும்.

ஷூட் அவுட் ஆட்டத்தின் கோலை எண்ணும்போது கவனம். ஷூட் அவுட்டில் எத்தனை பக் (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு) வலைக்குள் போனாலும் வென்ற அணிக்கு ஒரே ஒரு கோல்தான் சேரும். அதனால்தான் அந்த ஆட்டங்கள் எப்போதும் ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்ததாகப் பதிவாகின்றன.

இப்போது ரீகா. கடைசி ஆட்டம் தொடங்கும்போது கனடா 10, கசகஸ்தான் 10, ஜெர்மனி 9, லாட்வியா 9. மேலே இரண்டு இடம் அமெரிக்காவுக்கும் பின்லாந்துக்கும் போய்விட்டது. மீதி இரண்டு இடத்துக்கு நான்கு பேர். தேவையான பழைய முடிவுகள்: ஜெர்மனி 3-1 கனடா, கசகஸ்தான் 3-2 ஜெர்மனி, கனடா 4-2 கசகஸ்தான், லாட்வியா 2-0 கனடா, கசகஸ்தான் 3-2 லாட்வியா (இது மட்டும் ஷூட் அவுட்டில்).

ஜெர்மனி 60 நிமிடத்துக்குள் வென்றால்: ஜெர்மனி 12, லாட்வியா 9. கனடாவும் கசகஸ்தானும் 10-ல் தனியாக. நேரடி ஆட்டம், கனடா உள்ளே.

லாட்வியா 60 நிமிடத்துக்குள் வென்றால்: லாட்வியா 12, ஜெர்மனி 9. மறுபடியும் அதே இருவர், அதே விடை. கனடா உள்ளே.

ஜெர்மனி ஓவர்டைமில் வென்றால்: ஜெர்மனி 11. லாட்வியா, கனடா, கசகஸ்தான் மூவரும் 10. குட்டிப் பட்டியல்: லாட்வியா கனடாவை வென்றதற்கு 3, கசகஸ்தானிடம் ஷூட் அவுட்டில் தோற்றதற்கு 1, ஆக 4. கனடா 3. கசகஸ்தான் 2. நான்காம் இடம் லாட்வியாவுக்கு.

லாட்வியா ஓவர்டைமில் வென்றால்: லாட்வியா 11. ஜெர்மனி, கனடா, கசகஸ்தான் 10. மூவரும் ஒருவரை ஒருவர் வட்டமாக வென்றிருக்கிறார்கள், ஆளுக்கு 3 புள்ளி. அடுத்த படி, இந்த மூன்று ஆட்டங்களின் கோல்: ஜெர்மனி 5-4, கனடா 5-5, கசகஸ்தான் 5-6. நான்காம் இடம் ஜெர்மனிக்கு.

ஆக, ஓவர்டைம் என்றாலே மூன்றாவது ஓர் அணி 10-க்கு வந்து ஒட்டிக்கொள்ளும். கசகஸ்தானோடு மட்டும் ஒப்பிட்டால் வெல்கிற கனடா, அந்த மூன்றாவது அணியும் சேர்ந்ததும் பின்னால் போகிறது. ஏனென்றால் ஜெர்மனியிடமும் லாட்வியாவிடமும் கனடா 60 நிமிடத்துக்குள் தோற்றிருந்தது.

கடைசிக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். ஜெர்மனியிடம் 1-3 என்பதற்குப் பதில் கனடா 1-2 என்று தோற்றிருந்தால், ஜெர்மனி 4-4, கனடா 5-4. அந்த வழியில் கனடா உள்ளே போயிருக்கும். தோல்வி தோல்விதான் என்று ஓய்ந்துவிடாமல் கடைசி நொடிவரை வித்தியாசத்தைக் குறைக்கப் போராடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நீலக்கோடு:

இப்போதுதான் பிடிபட்டது, மிக்க நன்றி. இதைப் பார்த்தால் 60 நிமிடம் சமமாக முடிந்தால் ஜெர்மனியும் லாட்வியாவும் இரண்டு பேருமே உள்ளே அல்லவா? அப்படியிருந்தும் 2-1 என்று ஜெர்மனி முழு நேரத்திலேயே வென்றிருக்கிறது. இன்னொன்று: அரை இறுதியில் கனடா மறுபடியும் அதே பிரிவின் அமெரிக்காவோடு மோதியது. பிரிவு மாற்றித்தானே மோத விடுவார்கள்?

மூன்றாம் பீரியட் பதில்:

ஆமாம், இரண்டு அணிக்கும் ஒரு புள்ளி போதும். 60 நிமிடத்துக்குள் தோற்பவர் மட்டும் 9-ல் நின்று வெளியே. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கிய அணிக்குக் கடைசி இரண்டு நிமிடம் என்பது உயிர்ப் போராட்டம். கோலியை, அதாவது வலைக்காவலரை, வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்குவார்கள். ஒரு கோல் வாங்கினால் 1-3, அப்போதும் 9 புள்ளிதான், இழப்பதற்கு எதுவும் இல்லை. ஒரு கோல் அடித்தால் 10 புள்ளி, கால் இறுதி.

அதை எப்போது செய்வது என்பது கடிகாரத்தை மட்டும் பொறுத்ததல்ல. பக் தன் அணியின் பிடியில், எதிரணிப் பகுதிக்குள் நிலைத்திருக்க வேண்டும். நடுக்களத்தில் பக் அலையும்போது கோலி கிளம்பினால், பறிபோன நொடியே காலி வலைக்கு நேர்வழி. மாற்று ஆள் பனியில் இறங்குவதும் கோலி பெஞ்சை ஒட்டி வந்தபிறகே நடக்க வேண்டும், முந்தினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

முன்னணியில் இருப்பவர் செய்யும் பிழை வேறு. காலி வலையைப் பார்த்ததும் தன் பாதியிலிருந்தே அடித்துவிடுவார். தவறினால் ஐசிங், அதாவது தன் பாதியிலிருந்து அடித்த பக் எதிரணிக் கோல் கோட்டைத் தாண்டிப் போகும் தவறு. ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முகநேர் மோதல் அவர்கள் கோலியின் பக்கத்திலேயே நடக்கும், களைத்துப்போன ஐந்து பேரையும் மாற்ற முடியாது. சமன் கோல்கள் நிறைய விழுவது அந்த நேரத்தில்தான். நடுக்கோட்டைத் தாண்டிவந்து அடிப்பது பாதுகாப்பு.

கனடாவைக் காப்பாற்றிய இன்னொரு புள்ளியையும் சொல்லிவிடுகிறேன். தன் கடைசி ஆட்டத்தில் பின்லாந்திடம் 2-3 என்று தோற்றது ஷூட் அவுட்டில். அதே தோல்வி 60 நிமிடத்துக்குள் வந்திருந்தால் கனடா 9-ல் நின்றிருக்கும், ஜெர்மனி வென்ற பிறகு நான்காம் இடம் கசகஸ்தானுக்குப் போயிருக்கும். ஷூட் அவுட்டில் வென்று 11 எடுத்திருந்தால் ஜெர்மனி-லாட்வியா எப்படி முடிந்தாலும் கவலையே இல்லை.

வலைக்காவல் பதில்:

அரை இறுதி பற்றி. பிரிவு மாற்றி மோதுவது கால் இறுதியில் மட்டும்: ஒரு பிரிவின் முதல் அணிக்கு மற்றதன் நான்காம் அணி, இரண்டாம் அணிக்கு மூன்றாம் அணி. ரீகாவில் பி பிரிவின் நான்காம் அணியான கனடாவுக்கு ஏ பிரிவில் முதலிடம் பிடித்த ரஷ்ய அணி வந்தது, ஓவர்டைமில் 2-1. அமெரிக்கா ஸ்லோவாக்கியாவை 6-1, பின்லாந்து செக் அணியை 1-0, ஜெர்மனி சுவிட்சர்லாந்தை ஷூட் அவுட்டில் 3-2.

அதன் பிறகு பழைய கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மிஞ்சிய நான்கு அணிகளையும் புதிதாக வரிசைப்படுத்துவார்கள். முதலில் பிரிவில் பிடித்த இடம், பிறகு புள்ளி, அதன் பிறகுதான் மொத்த கோல் வித்தியாசம். முதல் அணிக்கு நான்காவது, இரண்டாவதுக்கு மூன்றாவது. 2021-ல் மிஞ்சிய நான்கும் பி பிரிவுதான்! ஆகவே பிரிவு வரிசை அப்படியே நின்றது: அமெரிக்கா-கனடா, பின்லாந்து-ஜெர்மனி. பிரிவு ஆட்டத்தில் 1-5 என்று அமெரிக்காவிடம் தோற்ற கனடா இங்கே 4-2 என்று வென்றது.

கால் இறுதி அட்டவணையை வைத்து அரை இறுதி எதிரியை முன்கூட்டியே கோடு போட்டுக் காட்டும் படங்கள் இணையத்தில் நிறைய சுற்றுகின்றன, அவற்றை நம்ப வேண்டாம். நான்கு கால் இறுதியும் முடியும்வரை அது தெரியாது.

ஓவர்டைம் நீளமும் கட்டத்துக்குக் கட்டம் மாறும், எல்லாமே மூவருக்கு மூவர். பிரிவு ஆட்டத்தில் 5 நிமிடம், கால் இறுதி, அரை இறுதி, வெண்கல ஆட்டத்தில் 10 நிமிடம், அதிலும் கோல் இல்லையென்றால் ஐந்து பேர் ஷூட் அவுட். ஐந்து பேரிலும் தீராவிட்டால் ஒன்றுக்கொன்றாகத் தொடரும், அப்போது ஒரே ஆளை மீண்டும் மீண்டும் அனுப்பலாம். இறுதி ஆட்டத்தில் மட்டும் ஷூட் அவுட் கிடையாது, கோல் விழும்வரை 20 நிமிடப் பீரியடுகள். ஓவர்டைமில் தண்டனை வந்தால் குற்றம் செய்த அணியில் ஆளைக் குறைக்க மாட்டார்கள், மூன்றுக்குக் கீழே போக முடியாது என்பதால் எதிரணிக்கு ஓர் ஆளைக் கூட்டுவார்கள், நான்குக்கு மூன்று.

அந்த இறுதி ஆட்டத்தில் பின்லாந்துக்கு எதிராக 60 நிமிடம் 2-2. ஓவர்டைமின் 6 நிமிடம் 26 நொடியில் நிக் பால் அடித்ததுதான் கனடாவின் தங்கக் கோல்.