மாறாத் தவணையும் கணிப்புத் தவணையும்

அன்பர்களுக்கு வணக்கம்.

காருக்கு இயந்திர எண்ணெய் மாற்ற இரு முறைகள் உண்டு. குறித்த தூரமோ காலமோ ஆனதும் மாற்றுவது முதல் முறை; கார் ஓடும் விதத்தைக் கொண்டு அதன் கணினி சொல்லும் வேளையில் மாற்றுவது இரண்டாம் முறை. இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இவ்வுரையாடலில், இரண்டாம் முறைக்கு ஈப்போவிலிருந்து ஐயா ஒருவர் பரிந்துரைத்த ‘நெகிழ் இடைவெளி’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நெகிழ்வு என்றதும், நாள் தள்ளிப்போடலாம், கேட்பாரில்லை என்ற எண்ணமே படிப்பவருக்கு வரும். ஆனால் அம்முறையில் தவணை நீள்வதைப் போலவே குறுகவும் செய்யும். அதைத் தீர்மானிப்பது உரிமையாளரின் வசதியன்று, காரின் கணினி.

‘இடைவெளி’ என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மலேசியத் தயாரிப்பான பெரோடுவா கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது 6 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு. கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் தம் பெரோடுவா மைவி காரை எடுக்கும் ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர், ‘இன்னும் பத்தாயிரம் ஓடவில்லையே’ என்று ஓராண்டு கடத்திவிடுவதை எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். தூரத்தை மட்டும் நினைவூட்டும் ‘இடைவெளி’யைவிட, உரிய வேளையில் செய்தாக வேண்டிய கடமையையும் உணர்த்தும் ‘தவணை’ பொருந்தும். பள்ளித் தவணை, கடன் தவணை என்று இந்நாட்டில் அன்றாடம் புழங்கும் சொல்லும் அதுவே. ஆகவே முதல் முறையை ‘மாறாத் தவணை’ என்போம்.

இரண்டாம் முறைக்கு ‘நிலைசார் தவணை’ என்று கிள்ளான் ஆசிரியை அவர்கள் எழுதியிருந்தார். அது அழகான சொல்; ஆயினும் எண்ணெயின் நிலையைக் கார் நேரடியாகச் சோதித்துப் பார்க்கிறது என்ற பொருளைத் தந்துவிடுகிறது. எண்ணெயின் தரத்தை அளக்கும் உணரி (சென்சார்) சில கார்களில் உண்டு என்றாலும், பெரும்பாலானவற்றில் நடப்பது கணக்கீடுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் இறுதியில் கொண்டுவந்த முறை, இயந்திரத்தின் சுழற்சிகளையும் வெப்பநிலையையும் கொண்டு எண்ணெயின் எஞ்சிய ஆயுளைக் கணித்தது. ஃபோக்ஸ்வாகன் ஐரோப்பாவில் பின்பற்றிய முறையில், மாறாத் தவணை 15,000 கி.மீ. அல்லது ஓராண்டாக இருக்க, மற்றது 30,000 கி.மீ. அல்லது ஈராண்டு வரை நீளலாம். அந்த உச்ச வரம்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. நெடுஞ்சாலையில் சீராக நெடுந்தூரம் ஓடும் காருக்கே அது வாய்க்கும்.

தோட்டத்து வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்குமாகச் சிறு சிறு ஓட்டமாகவே காலம் கழிக்கும் காரின் கதை வேறு. பட்டறையில் போமன் (கார் பழுதுபார்ப்பவர்) எண்ணெய் அளவுக்குச்சியை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் குறையாமல் மேல்கோட்டையும் தாண்டி நின்று, பெட்ரோல் வாடையும் அடித்தால் அவருக்குச் செய்தி விளங்கிவிடும். இயந்திரம் சூடேறுமுன் எரியாத பெட்ரோல், உந்து வளையங்களின் (பிஸ்டன் ரிங்) ஓரமாய்க் கசிந்து எண்ணெயில் கலக்கிறது. நீண்ட ஓட்டத்தின் வெப்பம் அதை ஆவியாக்கும், குறுகிய ஓட்டத்தில் அதற்கு வழியில்லை. எண்ணெய் இளகி, உலோகப் பரப்புகளுக்கிடையே நிற்க வேண்டிய படலம் மெலிகிறது. குளிர்த் தொடக்கங்களை, அதாவது சூடேறாத இயந்திரத்தை முடுக்கும் தடவைகளை, எண்ணும் கணினி இதை ஓரளவு கணித்துத் தவணையைக் குறைக்கலாம். ஆனால் செம்பனை லாரிகள் கிளப்பும் செம்மண் புழுதி, கிழிந்த காற்று வடிகட்டி வழியே உள்ளே போயிருந்தால், சுழற்சியையும் வெப்பத்தையும் மட்டும் எண்ணும் கணினிக்கு அது எட்டாது.

எனவே ‘கணிப்புத் தவணை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கணிப்பு என்றால் அது பொய்க்கவும் கூடும் என்ற எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எந்த அடிப்படையில் கணித்தார்கள் என்று கேட்கவும் அது தூண்டும். கணிப்புத் தவணைக்கென்று தயாரிப்பாளர் விதித்த தரக்குறியுள்ள எண்ணெயை ஊற்றாமல், விலை மலிவென்று சாதாரண எண்ணெயை ஊற்றினால், கணினியையும் மாறாத் தவணைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் இல்லாத எண்ணெயின் ஆயுளை அது கணித்துக்கொண்டிருக்கும். பழைய காரை வாங்குபவர், ‘இது எந்தத் தவணையில் ஓடுகிறது?’ என்று தமிழிலேயே கேட்கும்படி இவ்விரு சொற்களும் எளிமையாக இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதனுடன் இன்னொன்று. ‘எண்ணெய் மாற்றம்’ என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டுகிறேன். எண்ணெயைப் புதிதாக மாற்றினார்களா, எண்ணெயே தன்மை மாறிவிட்டதா என்று அதில் தெளிவில்லை. முன்னதை ‘எண்ணெய் மாற்றுதல்’ என்றும் பின்னதை ‘எண்ணெய்ச் சிதைவு’ என்றும் பிரித்துவிடலாம். பேச்சில், இயந்திர எண்ணெயைக் குறிக்கும் ‘மினியாக் ஹித்தாம்’ என்ற மலாய்ச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும். பட்டறையில் அதுதான் எல்லா இனத்தாருக்கும் பொது.

எண்ணெய் மாற்றி முடிந்தபின் காரின் கணினியில் தவணைக் கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுவருவதற்கு, கணினித் துறையில் வேரூன்றிய ‘மீட்டமைத்தல்’ (ரீசெட்) போதும். புதுச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து, மறுப்பிருந்தால் எழுதுங்கள்.