மாதம் 2,000 கொடுத்தாலும் கஜானா தாங்குமாம்! வாசுவின் 1,150 கோடிக் கணக்கு

மாம்பலம் கணக்குப்பிள்ளை (2025 ஆகஸ்ட், காலை 6:50)

நேற்று ராத்திரி மெட்ரோ திரியில் நம்ம வடசென்னை வாசு போகிற போக்கில் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போனார். ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "மகளிர் உரிமைத்தொகைக்கு மொத்தமே 1,150 கோடிதான். டாஸ்மாக்கின் பத்து நாள் கல்லா. அடுத்த வருடம் யார் வந்து 2,000 ஆக்கினாலும் தமிழ்நாடு தாங்கும்."

படித்ததிலிருந்து தூக்கம் போச்சு. 1.15 கோடிப் பெண்கள், ஆளுக்கு 1,000. பெருக்கினால் 1,150 கோடி, சரி. ஆனால் அது ஒரு மாதத்துக்கு. வருடத்துக்கு 12 மாதம் என்று எங்கள் காலத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியிருப்பது 13,807 கோடி. "மொத்தமே" 1,150 கோடியாம்! மீதி பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கோடியை வாசு தன் கையிலிருந்து போடப்போகிறாரா?

வடசென்னை வாசு (காலை 8:20)

சார், வணக்கம். மாதம் 2,000 என்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் சொன்னதும் மாதக் கணக்கு என்று புரிந்துகொள்ள எம்.காம். படிக்க வேண்டியதில்லை. பத்து நாள் டாஸ்மாக் வருமானத்தில் ஒரு மாதத் தொகை. அவ்வளவுதான் விஷயம். இதற்குத் தனித் திரி வேறு.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (காலை 8:41)

மாதக் கணக்கு என்றால் "மாதம் 1,150 கோடி" என்று எழுதியிருப்பீர்கள். நீங்கள் எழுதியது "மொத்தமே". மொத்தம் என்ற சொல்லுக்கு வண்ணாரப்பேட்டையில் வேறு அர்த்தமா?

அப்புறம் அந்தக் "கல்லா". 2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி. அது ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும், கடைக் கல்லாவில் விழுகிற காசு இல்லை. ஒரு நாளைக்குச் சுமார் 132 கோடி. உங்கள் ஒரு மாதத் தொகைக்கு 9 நாள், ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருடத் தொகைக்கு 104 நாள். 2,000 ஆக்கினால் 208 நாள். தமிழ்நாட்டுக் குடிமகன் வருடத்தில் ஏழு மாதம் பெண்டாட்டிக்காகவே குடிக்க வேண்டும்.

ஓஎம்ஆர் பெஞ்ச் (காலை 9:05)

ஒரு சின்னக் கேள்வி. "தாங்கும்" என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? கடனே வாங்காமல் கொடுப்பதா, மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்ற நிதிப் பற்றாக்குறை வரம்புக்குள் கடன் வாங்கிக் கொடுப்பதா, இல்லை வேறு திட்டத்தை வெட்டிக் கொடுப்பதா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (காலை 9:12)

முதலில் "மொத்தமே" என்பதற்கு வாசு பதில் சொல்லட்டும் தம்பி.

திருவல்லிக்கேணி பெரிசு (காலை 9:50)

இதெல்லாம் புதுசா? 1967இல் அண்ணா "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார். சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். பைகிராப்ட்ஸ் ரோட்டுப் பக்கம் மஞ்சள் பையோடு வரிசையில் நின்றவன் நான். அன்றைக்கும் இதே மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் இருந்தார்கள்.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (காலை 10:04)

ஐயா, அந்தக் கணக்கு சரியாகத்தானே போச்சு? இரண்டு ஊருக்கு மேல் அந்த ஒரு படியைக் கொண்டுபோக முடியவில்லை. கஜானா தாங்கவில்லை. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி.

திருவல்லிக்கேணி பெரிசு (காலை 10:20)

நான் யார் கட்சியும் இல்லை. அரிசி நன்றாக இருந்தது, அதைச் சொன்னேன். அந்தப் படியும் பட்டணம் படி. இப்போதைய கிலோவுக்கு மேலேயே வரும்.

பெரம்பூர் சிபிஎஸ் வாத்தியார் (காலை 10:31)

பட்டணம் படி பெரிசா, எங்கள் தஞ்சாவூர்ப் படி பெரிசா என்பதை ஒருநாள் பேசித் தீர்க்க வேண்டும். எங்கள் ஆத்தா அளந்தால் தலைதட்டமாட்டாள், கோபுரமாகத்தான் அளப்பாள்.

திருவல்லிக்கேணி பெரிசு (காலை 10:44)

ரேஷன் கடைக்காரன் கோபுரமாக அளந்ததாகச் சரித்திரம் இல்லை. பட்டணம் படிதான் பெரிசு.

வடசென்னை வாசு (காலை 11:15)

கணக்குப்பிள்ளை சார், இப்போது என் முறை. அதே 2025-26 பட்ஜெட்டை நானும் புரட்டினேன். ஓய்வூதியத்துக்கு 41,290 கோடி. மகளிர் உரிமைத்தொகையைப் போல மூன்று மடங்கு. 1.15 கோடிப் பெண்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் கஜானா கவிழ்ந்துவிடும். அரசு உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர்களுக்கு இந்த 41 ஆயிரம் கோடி போனால் கஜானா ஆடாது, அசையாது. என்ன மாயமோ!

தாங்கள் எந்தத் துறையில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனீர்கள் என்று கேட்கமாட்டேன். மாதம் பிறந்தால் தங்கள் அக்கவுண்டில் விழுவது யார் வீட்டுக் காசு என்று மட்டும் கேட்கிறேன்.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (காலை 11:19)

34 வருடம் வேலை பார்த்ததற்கான கூலி. உட்கார்ந்த இடத்தில் வந்த காசு இல்லை.

குரோம்பேட்டை கீதா (காலை 11:26)

அப்போ வீட்டில் 34 வருடம் வேலை பார்த்தவள் உட்கார்ந்த இடத்தில் வாங்குகிறாளா? உங்கள் வீட்டம்மாவிடம் இந்தப் பதிவைக் காட்டினீர்களா சார்? இதற்கு "உரிமைத்தொகை" என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

பெரம்பூர் சிபிஎஸ் வாத்தியார் (காலை 11:40)

கீதா மேடத்துக்கு ஒரு சபாஷ். கணக்குப்பிள்ளை சாரிடம் எனக்கு வேறு ஒரு பழைய பாக்கி உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தது 2009. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்ததால் எனக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, சம்பளத்தில் மாதாமாதம் பத்து சதவீதம் பிடிக்கிற சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியம்தான். பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது, இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். போன வருடம் அதைப் பற்றி நான் எழுதியபோது "அரசால் தாங்க முடியாது தம்பி" என்று பாடம் எடுத்தது இதே சார்தான். பழைய ஓய்வூதியத்தில் உட்கார்ந்துகொண்டு!

மாம்பலம் கணக்குப்பிள்ளை (பகல் 12:02)

என் பென்ஷனைச் சுற்றிக் கும்மியடித்து முடித்துவிட்டீர்களா? கணக்குக்கு வருவோம்.

2025-26இல் மாநிலத்தின் வருவாய் வரவு 3,31,569 கோடி. டாஸ்மாக் காசும் அதற்குள்தான் இருக்கிறது, தனி உண்டியலில் இல்லை. வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. துண்டு விழுவது 41,635 கோடி. கட்டடம், பாலம் கட்டக் கடன் வாங்கினால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். இது அன்றாடச் செலவுக்கே வாங்குகிற கடன். வட்டி மட்டும் 70 ஆயிரம் கோடிக்கு மேல். கடன் நிலுவை வருடக் கடைசியில் சுமார் 9.29 லட்சம் கோடியாக நிற்கும் என்று பட்ஜெட்டே சொல்கிறது. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது கடன் 5.70 லட்சம் கோடி, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். நாமெல்லாம் வாயைப் பிளந்தோம். இப்போது எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். வாசு வகுக்க வேண்டாம், பன்னிரண்டை விட்டுவிடுவார்.

1,000 ரூபாய் திட்டத்துக்கே 1.63 கோடி மனு வந்து, முதலில் 1.06 கோடிப் பேரைத்தான் எடுத்தார்கள். ஏன்? தாங்காது என்று அவர்களுக்கே தெரியும். வருமானம் இரண்டரை லட்சம், நிலம் இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு என்று வடிகட்டினார்கள். வடிகட்டாமல் இரண்டு கோடிச் சொச்சம் ரேஷன் கார்டுக்கும் 2,000 கொடுத்தால் ஏறத்தாழ 50 ஆயிரம் கோடி. கர்நாடகத்தில் ஐந்து உத்தரவாதங்களுக்கும் சேர்த்தே 2024-25இல் 52 ஆயிரம் கோடி. இங்கே ஒரே திட்டத்துக்கு அவ்வளவு.

இதைத்தான் ஒருவர் "மொத்தமே 1,150 கோடி" என்கிறார்.

வடசென்னை வாசு (பகல் 12:30)

மாதத்துக்கு.

குரோம்பேட்டை கீதா (பகல் 12:48)

அந்த வடிகட்டலைப் பற்றிக் கேட்டால் நான் நாள் முழுக்கப் பேசுவேன். வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் செலவானால் கிடையாது என்றார்கள். எங்கள் வீட்டில் மேல் போர்ஷனுக்கும் கீழ் போர்ஷனுக்கும் ஒரே மீட்டர். கீழே ஓனர் வீட்டில் மூன்று ஏசி ஓடுகிறது, மேலே எனக்கு மனு தள்ளுபடி. மேல்முறையீடு செய்தேன், ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு 15ஆம் தேதி ஆனால் டாண் என்று மெசேஜ் வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் ஓனர் ஏசிக்கு நான் ஏன் 1,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும்?

மாம்பலம் கணக்குப்பிள்ளை (பகல் 12:55)

மேடம், மூன்று ஏசி ஓடினால் 3,600 யூனிட் எல்லாம் ஏப்ரல், மே இரண்டு மாதத்திலேயே பாதி தீர்ந்துவிடும். தனி மீட்டர் வாங்குங்கள்.

குரோம்பேட்டை கீதா (பகல் 1:02)

ஓனர் ஒத்துக்கொண்டால் வாங்கமாட்டேனா? மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்ற வாக்குறுதியையாவது நிறைவேற்றியிருந்தால் பில்லாவது குறையும். அதற்குக் கஜானாவே வேண்டாம், ரீடிங் எடுக்க ஆள் போட்டால் போதும்.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (பகல் 1:09)

ஆள் போட்டால் சம்பளம், பில் குறைந்தால் மின்வாரியத்துக்கு நஷ்டம். அதுவும் கடைசியில் அரசு தலையில்தான் விடியும்.

ஓஎம்ஆர் பெஞ்ச் (பகல் 1:40)

இலவச டிவி, மிக்சி, கிரைண்டர் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கை வாக்குறுதி சட்டப்படி லஞ்சம் ஆகாது, ஆனாலும் தேர்தல் ஆணையம் விதிமுறை வகுக்க வேண்டும் என்றார்கள். அதன்படி, வாக்குறுதிக்கான காரணத்தையும் பணம் திரட்டும் வழியையும் அறிக்கையில் பொதுவாகக் குறிப்பிட வேண்டும் என்று நடத்தை விதிகளில் சேர்த்தாயிற்று. 2022 அக்டோபரில் அதற்கு ஒரு படிவமே தயாரித்துக் கட்சிகளின் கருத்தைக் கேட்டார்கள். நாம் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போடுவதற்குப் பதில், அந்தப் படிவத்தை நிரப்பு என்று எல்லாக் கட்சியையும் கேட்கலாமே? என் காலைக் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (பகல் 1:58)

"பொதுவாக" என்று சொன்னீர்கள் பாருங்கள், ஓட்டை அங்கேதான். "நிர்வாகச் சீர்திருத்தம் மூலம் நிதி திரட்டப்படும்" என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. படிவத்தை நிரப்ப வாசு மாதிரி ஆளை உட்கார வைத்தால் "மொத்தமே 1,150 கோடி" என்று நிரப்புவார்.

ராயபுரம் ரயிலடி (பிற்பகல் 2:25)

பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்போம் என்று சொல்லி 3 ரூபாய் குறைத்தார்கள். டீசலுக்கு 4 என்றார்கள், ஒன்றும் இல்லை. சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் எங்கே? என் வண்டி டீசல் வண்டி. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

வடசென்னை வாசு (பிற்பகல் 2:41)

ரயிலடி அண்ணன் வந்துவிட்டார். 2021இல் உங்கள் அதிமுக ஆட்கள் மாதம் 1,500, வருடத்துக்கு ஆறு சிலிண்டர், வாஷிங் மெஷின் என்று அறிவித்தபோது கஜானா தாங்குமா என்று இந்தக் கணக்குப்பிள்ளை ஒரு திரி போட்டாரா? தேடிப் பார்த்தேன், இல்லை. அப்போது மட்டும் சாருக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கிறது.

மத்திய அரசு பள்ளிக்கல்விக்குத் தர வேண்டிய 2,152 கோடியைப் பிடித்து வைத்ததைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. தமிழ்நாடு கட்டுகிற வரியில் திரும்பி வருவது நாலு சதவீதம். அதைக் கேட்டு வாங்கினாலே 2,000 தாங்கும்.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (பிற்பகல் 3:03)

தவறு. தமிழ்நாடு கட்டுகிற வரியில் நாலு சதவீதம் இல்லை. மாநிலங்களுக்கென்று பிரிக்கிற மொத்தத் தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். இரண்டும் வேறு. பாருங்கள், இந்த ஆளுக்கு எது மொத்தம், எது பகுதி என்பதே பிடிபடவில்லை. காலையிலிருந்து நான் சொல்வதும் அதைத்தான். அந்த 2,152 கோடி வாத்தியார்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய பணம். கட்டாயம் வர வேண்டும். வந்தால் அது பள்ளிக்கூடத்துக்குப் போகும், உங்கள் 2,000க்கு வராது.

2021இல் திரி போடவில்லை என்கிறீர்கள். 2021இல் எனக்குக் கண்புரை ஆபரேஷன். போதுமா?

பெரம்பூர் சிபிஎஸ் வாத்தியார் (பிற்பகல் 3:20)

கண்புரையா? அந்த வருடம்தான் சார் கிரிக்கெட் திரியில் ஒரே நாளில் நாற்பது பதிவு போட்டார்.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (பிற்பகல் 3:24)

அது ஒரு கண்ணில்.

வடசென்னை வாசு (மாலை 4:10)

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி. அதைத் தாங்கும் என்று நேற்று எழுதியதும் இதே சார்தான். மாம்பலத்துப் பக்கம் பனகல் பார்க்கில் ஸ்டேஷன் வந்தால் தாங்கும். வியாசர்பாடியில் ஒரு பெண் கைக்கு ஆயிரம் வந்தால் தாங்காது. இதுதான் சார் உங்கள் பொருளாதாரம்.

மாம்பலம் கணக்குப்பிள்ளை (மாலை 4:22)

மெட்ரோவில் ஒன்றிய அரசு பணம் இருக்கிறது, வெளிநாட்டுக் கடன் இருக்கிறது, போட்ட காசுக்குச் சொத்து நிற்கும். பல வருடத்துக்குப் பிரித்துச் செலவாகும். "மொத்தமே" 63,246 கோடி. அந்தச் சொல்லை எங்கே போட வேண்டும் என்று இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

ஓஎம்ஆர் பெஞ்ச் (மாலை 5:15)

கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன். தாங்கும் என்றால் என்ன?

திருவல்லிக்கேணி பெரிசு (மாலை 5:40)

விசாரித்துவிட்டேன். பட்டணம் படிதான் பெரிசு. வாத்தியார் கவனிக்க.

வடசென்னை வாசு (இரவு 7:05)

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். கடைசியாகச் சொல்கிறேன்: நான் சொன்னது மாதத்துக்கு. ஒரு சொல் விட்டுப்போனதற்காக ஒரு மனுஷனை இந்த விரட்டு விரட்டுகிற நீங்கள், தேர்தல் அறிக்கையில் பத்தி பத்தியாக விட்டுப்போகிறவர்களை ஒன்றும் கேட்பதில்லை. இனி இந்தத் திரிக்கு வரமாட்டேன்.

குரோம்பேட்டை கீதா (இரவு 7:30)

யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மாதம் 15ஆம் தேதி சுதந்திர தினம், பேங்க் லீவு. எங்கள் வீட்டு அக்கா கேட்கிறார், பணம் 14ஆம் தேதியே ஏறுமா? அப்படியே, "உங்களுடன் ஸ்டாலின்" முகாமில் மறுபடி மனு கொடுத்தால் அந்த மீட்டர் விஷயத்தைப் பார்ப்பார்களா?

மாம்பலம் கணக்குப்பிள்ளை (இரவு 7:34)

அதைச் சொல்வதற்கு முன் ஒன்று. வாசு "ஒரு சொல் விட்டுப்போனது" என்கிறார். எதுவும் விட்டுப்போகவில்லை. "மொத்தமே" என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்.

வடசென்னை வாசு (இரவு 7:36)

மாதத்துக்கு சார். மா த த் து க் கு.